பட் ஆல்சோ அண்ணன்

பெண் பார்க்கப் போன வீட்டில் எனக்குப் பதிலாகப் பேசுவதற்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். ஊமை இல்லை. திக்குவாயும் இல்லை. ஈப்போவில் ஒரு லாரி கம்பெனியில், எந்த லாரி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று நாள் முழுக்கத் தொலைபேசியில் கத்துவதுதான் எனக்கு வேலை. அப்படிப்பட்டவன், பெண்ணின் தகப்பனார் இங்கிலீஷில்தான் பேசுவார் என்று கேள்விப்பட்ட உடனே வாயை வாடகைக்கு எடுத்தேன். அந்த வாடகை வாயால் வந்த வினையை ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுப்படியில் நின்று இன்னமும் அனுபவிக்கிறேன்.

வாய்க்குச் சொந்தக்காரர் எங்கள் ஆபீஸின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். பெயர் வேண்டாம். பெயரைச் சொல்லி அழைத்தவர்கள் யாரும் இல்லை. முகத்துக்கு நேரே எல்லோருக்கும் ‘அண்ணே’, முதுகுக்குப் பின்னால் ‘பட் ஆல்சோ’.

இங்கிலீஷ் வாக்கியம் என்றால் அதற்கு இரண்டு பக்கம் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய மதம். இந்தப் பக்கம் ‘நாட் ஒன்லி’ என்று எடுத்தால் அந்தப் பக்கம் ‘பட் ஆல்சோ’ என்று இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்க வேண்டும். இந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம் பாட வேண்டும். இந்தப் பக்கம் ‘உழைப்பாளி’ என்றால் அந்தப் பக்கமும் ஓர் ‘ஆளி’ வந்து நிற்க வேண்டும். ஒற்றைக்காலில் நிற்கும் வாக்கியத்தைப் பார்த்தால் அவருக்குப் பல் கூசும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அவர் விளக்கிய விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“தம்பி, தோட்டத்துல காண்டா தூக்கியிருக்கியா?”

“இல்லண்ணே. நான் டவுன்காரன். அப்பா ரயில்வே.”

“நான் தூக்கியிருக்கேன். தோள்மேல கம்பு. முன்னால ஒரு வாளி, பின்னால ஒரு வாளி, ரெண்டுலயும் ரப்பர் மரத்துக் கித்தாப் பால். ஒண்ணு கூடி ஒண்ணு கொறஞ்சா என்னாவும்? கம்பு சாயும், பால் சிந்தும், வேல வாங்குற மண்டோர் ஏசுவான். இங்கிலீஷும் அதே மாதிரிதான் லா.”

“ஒரு வாளிக்குத்தான் பால் கெடைச்சிச்சின்னா?”

“அடுத்த வாளியில பச்சத்தண்ணிய ஊத்தித் தூக்கணும். வேற என்னா செய்யிறது?”

இதைக் கேட்டு நான் மெய்சிலிர்த்தேன். டவுனில் பிறந்தவனுக்குத் தோட்டத்து உவமை எதைச் சொன்னாலும் மெய்சிலிர்க்கும். இந்த உவமையைப் பிறகு பல இடங்களில் என் சொந்தச் சரக்காகவே எடுத்துவிட்டுக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன்.

ஆளும் காண்டாக் கம்பு மாதிரிதான் இருப்பார். ஒல்லி, உயரம், நடு வகிடு. சட்டையில் இரண்டு பக்கமும் பை வைத்துத் தைக்கச் சொல்வார். பைக்கு ஒரு பேனா. ஒரு நாள் அவசரத்துக்கு வலது பைப் பேனாவை உருவினேன். எழுதவில்லை. “அதுல மை இல்ல தம்பி. அது சும்மா இருக்கு” என்றார், கூச்சமே இல்லாமல்.

கோப்பிக் கடையில் போய் ‘ஒரு டீ’ என்று அவரால் சொல்ல முடியாது. “டீ சூடா இருக்கணும், வடை மொறுமொறுன்னு இருக்கணும்” என்பார். எண்ணெய்ப் பண்டம் அவருக்கு ஆகாது. வடை வந்ததும் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். இன்று என் இடுப்பைச் சுற்றி இருக்கும் சதையில் பாதி, அவருடைய வாக்கியங்களின் பின்பாதி.

ஆபீஸில் இங்கிலீஷ் கடிதங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு தடவை கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த எங்கள் லாரி, சிம்பாங் பூலாய் வருவதற்குள் பள்ளத்தில் உருண்டுவிட்டது. சரக்குக்காரருக்குச் சமாதானம் எழுத வேண்டும். காலையிலிருந்து உட்கார்ந்து அவர் தட்டெழுதியதன் சாரம் இதுதான்: ‘தங்கள் முட்டைக்கோஸ்கள் பள்ளத்தில் விழுந்துவிட்டன, ஆனால் எங்கள் நாணயம் மேட்டில் நிற்கிறது.’ சரக்குக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். எந்த மேட்டில் நிற்கிறது, காட்டு, போய்ப் பார்க்கலாம் என்றார். எங்கள் சீன முதலாளி, தவுக்கே, கடிதத்தைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார். “எழுதுறது பாஞ்சாங் பாஞ்சாங். டிரைவருக்கு என்னா ஆச்சி, அத எங்க காணோம்?” என்றார், தமக்குத் தெரிந்த தமிழில். நீளநீளமாக எழுதிய கடிதத்தில் டிரைவரின் வலது கை முறிந்த சேதி இல்லவே இல்லை.

“ஏண்ணே அத விட்டுட்டீங்க?” என்று பிறகு தனியாகக் கேட்டேன்.

“ஒரு கைதானே தம்பி முறிஞ்சிச்சி” என்றார் வருத்தமாக. “அதுக்கு இணையா எதச் சொல்றது?”

கடிதத்தில் இப்படி என்றால் கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் அவர்தான் பேச்சாளர். எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். பெரிய சரீரம். அவர் வளர்த்த நாய் தெருவில் கடிக்காத ஆள் இல்லை. அவர் இறந்தபோது, துக்கத்துக்கு வந்திருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களுக்காக நம்மவர் இங்கிலீஷில் இரங்கலுரை ஆற்றினார். இருந்தபோது யாருக்கும் தொல்லை தந்ததில்லையாம், போகும்போது யாருக்கும் பாரமாக இருக்கவில்லையாம். முன்பாதிக்குக் கடி வாங்கியவர்கள் தரையைப் பார்த்தார்கள். பின்பாதிக்குப் பெட்டியைத் தூக்கக் காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அவர் மனைவி இதற்கெல்லாம் நேர் எதிர். அந்த அக்கா ஒரு பக்கம்தான் பேசுவார். “சோறு ஆறுது.” “மழ வருது.” “துணி நனையுது.” அத்தோடு சரி. அந்த ஒற்றை வாக்கியங்களைக் கேட்கும்போதெல்லாம் அண்ணன் கொஞ்ச நேரம் காத்திருப்பார், இன்னொரு பாதி வரும் என்று. வந்ததே இல்லை.

இப்படிப்பட்டவரைத்தான் எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார வைத்து, பெண் வீடு இருந்த பத்து காஜா என்ற ஊருக்குப் பஸ்ஸில் போனேன்.

பெண்ணின் தகப்பனார் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்து கட்டிக் கட்டிப் பழகியவர், ஆளைப் பார்ப்பதே புண்ணைப் பார்ப்பதுபோல இருக்கும். மனைவி இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தம்பிமார் மூன்று பேருக்கும் அப்பாவுக்கும் அவள்தான் சமையல். வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்களாம். அவள் எல்லோரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். இது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், டீத்தட்டோடு ஒருத்தி வந்தாள், என் அம்மாவிடம் “சீனி போதுமா அத்த?” என்று கேட்டாள் என்பதுதான். தட்டு மேசைக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு மனசு தீர்மானமாகிவிட்டது. இவள் இல்லையென்றால் யாரும் வேண்டாம்.

“டெல் மீ எபௌட் தி பாய்” என்றார் தகப்பனார்.

அண்ணன் எழுந்து நின்றார். பேச்சு என்றால் நின்றுதான். தொண்டையைச் செருமினார். நாட் ஒன்லி என்று எடுத்தார். இவர் பகலில் லாரிகளை மட்டும் ஆள்கிறவர் அல்லர் என்று அழகாகச் சொல்லி நிறுத்தினார். ஒரு வாளி நிரம்பிவிட்டது. பகல் வந்துவிட்டால் அடுத்து இரவு வர வேண்டும். ஆண்டால் அதிலும் எதையாவது ஆள வேண்டும். நான் இரவில் ஆண்டது ஒரு பாயையும் ஒரு வானொலிப் பெட்டியையும். அதுவும் அவருக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் கடுகு வெடித்தது. கறிவேப்பிலை வாசம் கூடத்துக்கு வந்தது. அண்ணனின் மூக்கு விரிந்ததை நான் பார்த்தேன்.

“பட் ஆல்சோ” என்றார், வழி கண்டவராக. இரவில் அடுப்படியையும் ஆள்கிறவர்.

என் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. என்னைப் பற்றி ஏதோ உயர்வாகச் சொல்கிறார்கள் என்று சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுப்படித் திரைச்சீலை அசைந்தது. போனவள் திரும்பி வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அப்பா, என்னா சமைப்பாருன்னு கேளுங்க.”

நான் அண்ணனின் சட்டையை இழுத்தேன். அவர் வாக்கியத்துக்குள் போய்விட்டார். அதற்குள் போனவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவர முடியாது.

“நாட் ஒன்லி நெத்திலி சம்பல், பட் ஆல்சோ அசாம் பெடாஸ்.”

நெத்திலி சம்பல் போதாதா? புளியும் மிளகாயும் போட்ட மலாய்க்கார மீன் குழம்பு வேறு எதற்கு? இணைக்கு. டிரெஸ்ஸர் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். அப்படியானால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை இங்கே வந்து சமைக்கட்டும், எல்லோரும் சாப்பிட்டுப் பார்ப்போம் என்றார். திரைக்குப் பின்னால் தம்பிமார் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்டார்: “கிராணி அண்ணன் நின்னுக்கிட்டு என்னாப்பா சொன்னாரு?”

“நான் சமைப்பேன்னு சொன்னாரும்மா.”

“எங்க?” என்றார் அம்மா.

அண்ணனுக்குக் குற்ற உணர்ச்சி ஏதாவது இருக்கும் என்று ஈப்போ வரும்வரை காத்திருந்தேன். இறங்கும்போது சொன்னார்: “ஆரம்பிச்ச வாக்கியத்த பாதியில விட்டுட்டு வரமுடியுமா தம்பி? அவுங்க என்னா நெனப்பாங்க?”

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய் அக்காவிடம் முறையிட்டேன். அக்கா முழுதையும் கேட்டுவிட்டுப் புருஷனை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் எழுந்து போய் முற்றத்துப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். சனிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னார் அக்கா. போனேன். மைலோ டின்னில் சம்பல் மசாலா அரைத்து வைத்திருந்தார்.

“இத எண்ணெய்ல போட்டு வதக்குங்க. மொதல்லயே பொரிச்சி வச்ச நெத்திலிய அதுல கொட்டுங்க. வேற எதையும் தொடாதீங்க.”

“அசாம் பெடாஸுக்கு அக்கா?”

“எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை பத்து காஜாவில், முன்பின் தெரியாத அடுப்படியில், பெண்ணின் மூன்று தம்பிமார் வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, நான் சமைத்தேன். அண்ணன் எனக்குத் துணையாகப் பக்கத்தில் நின்றார். அடுப்படியிலும் அவருக்கு அதே நோய்தான். “எண்ணெய் காயணும், மீனு வேகணும்” என்பார். எவ்வளவு காய வேண்டும், எவ்வளவு வேக வேண்டும் என்றால் தெரியாது. சம்பலைப் பொறுத்தவரை அக்காவின் மைலோ டின் என்னைக் காப்பாற்றியது. அசாம் பெடாஸுக்கு நானே கடவுள். புளி கூடிப்போனதாகத் தோன்றித் தண்ணீர் ஊற்றினேன். காரம் குறைந்ததாகத் தோன்றி மிளகாய் போட்டேன். காரம் ஏறிவிட்டதாகப் பயந்து மறுபடி தண்ணீர். கிண்டாதே என்று யாரும் சொல்லாததால் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

இலை போட்டாயிற்று. டிரெஸ்ஸர் சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்துத் தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் அடுத்த சட்டியைத் திறந்தார். அதில் மீன் இல்லை. மீன் இருந்ததற்கான தடயங்கள் மிதந்தன. கரண்டியை விட்டு ஒரு துண்டைத் தூக்கினார். அது வழியிலேயே மூன்றாகப் பிரிந்து விழுந்தது. தொழில்முறைக் கண்ணோடு குனிந்து அதை நன்றாகப் பார்த்தார்.

“இத இனிமே தையல் போட்டுக்கூட ஒண்ணுசேக்க முடியாது” என்றார். அவர் தமிழ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணன் எழுந்துவிட்டார். “நாட் ஒன்லி...” என்று ஆரம்பித்தார். என்ன சொல்லி இதைத் தூக்கி நிறுத்தப் போகிறாரோ. இவர் இன்னொரு வாளி ஊற்றினால் நான் வயலின் வாசிக்கிறவனாகவோ கின்த்தா ஆற்றை நீந்திக் கடக்கிறவனாகவோ ஆகிவிடுவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நிற்க வேண்டிவரும்.

நல்லவேளை, அவள் குறுக்கே வந்தாள். சம்பலை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தவள், “இந்த மசாலா வேற யாரோ அரைச்சது” என்றாள். பிறகு, அண்ணனை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு சமைக்கத் தெரியுமா?”

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் நேராக என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. தெரியும் என்றால் பொய். அதுவும் சட்டியில் மிதக்கிறது. தெரியாது என்றால் அவளை இனிமேல் பார்க்கவே முடியாது. வாடகை வாயை விட்டுவிட்டு, தொலைபேசியில் லாரிகளை விரட்டுகிற சொந்த வாயைத் திறந்தேன்.

“தெரியாது” என்றேன்.

அந்த ஒற்றைச் சொல் கூடத்தின் நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அண்ணனுக்குத் தாங்கவில்லை. என் பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கெஞ்சினார்: “பட்? பட், தம்பி? பட்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூத்த தம்பிக்காரன்தான் முதலில் சிரித்தான். பிறகு டிரெஸ்ஸரின் தொப்பை குலுங்கியது. அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூடின கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

“பட், கத்துக்கலாம் லா.”

அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். “தெரியாது, கத்துக்கலாம்” என்று தனக்குத் தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். முன்னும் பின்னும் கனம் சரியாக இருக்கிறதா என்று தோளில் வைத்துப் பார்ப்பதுபோல. “அருமையான பொண்ணுங்க” என்றார் டிரெஸ்ஸரிடம். பெண் பார்த்து முடித்தது நானா அவரா என்று அங்கிருந்த யாருக்கும் விளங்கியிருக்காது.

கல்யாணத்தில் வாழ்த்துரை அவர்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. அதில் என்னைக் கடலாகவும் என் மனைவியைக் கரையாகவும் ஆக்கினார். மறுநாள் கரை என்னிடம் வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொன்னது. கற்றுக்கொள்ளலாம் என்று அவள் சொன்னது அண்ணனின் வாக்கியத்தை நிறைவு செய்ய இல்லை, நிஜமாகவேதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அசாம் பெடாஸில் மீன் முழுசாக இருக்கக் கற்றுக்கொள்ள இன்னும் பல வருஷம்.

எண்பதுகளில் அண்ணன் வேலையை விட்டார். பாகான் செராயில் இருக்கும் மகளோடு போய் இருப்பதாக ஏற்பாடு. “அங்க வயலு பச்சையா இருக்கு, காத்து சுத்தமா இருக்கு” என்றார். ஆபீஸ் மாடியில் பிரிவு உபசாரம். தவுக்கே வறுத்த மீ நூடுல்ஸ், ஆரஞ்சுத் தண்ணீர் எல்லாம் வரவழைத்திருந்தார். என்னைப் பேசச் சொன்னார்கள்.

நானும் எழுந்து நின்றேன். அண்ணன் எங்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தவர் மட்டுமல்ல, வாழ்க்கையையும் கற்றுக்கொடுத்தவர் என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மலர்ந்தது. தோட்டத்து வெயிலில் தோளில் காண்டாக் கம்பு சுமந்து நடந்த அந்த இளைஞரைச் சபையோர் கண்முன் கொண்டுவந்தேன். முன்வாளி, பின்வாளி, சிந்தாத பால். ஒரு வாளிக்கே பால் கிடைத்த நாளிலும் அடுத்த வாளியில் தண்ணீரை நிரப்பித் தோள் சாயாமல் நடந்தவர் என்று சொல்லும்போது எனக்கே குரல் கம்மிவிட்டது. புதிதாக வந்த டைப்பிஸ்ட் பெண் மூக்கை உறிஞ்சினாள். அவள் டவுன்காரி.

கைத்தட்டல் முடிந்து, அண்ணன் நன்றியுரைக்காக முன்னால் போய்ச் சட்டைப் பேனாக்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். மீத்தட்டோடு அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படிப் பேசினேன் என்று கேட்காமல் கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தேன்.

“அவரு எங்க தம்பி காண்டா தூக்குனாரு? அவரு தோட்டத்துக் கிராணி மவன். தூக்குனது நானு” என்றார் அக்கா, கரண்டியால் மீயைக் கிளறிக்கொண்டே.

எனக்கு விக்கியது. “அப்ப, அந்தத் தண்ணி வாளி?”

“எவ தூக்குவா, தண்ணிய?” என்றார். “ஒரு வாளிப் பாலுன்னா கையில தூக்கிட்டு வந்துருவோம்.”